ஓட்டக் கணக்கில் வலிக்கு ஒரு கட்டம்

கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் ஊன்றுகிற முதல் அடிக்குத் தனி மதிப்பு உண்டு. நேற்று ஓடிய ஓட்டத்தை உடம்பு எப்படி எடுத்துக்கொண்டது என்று அந்த அடி சொல்லிவிடும். குதிகால் சுருக்கென்று குத்துகிறதா, கெண்டைக்கால் இறுகிக் கிடக்கிறதா, முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்பக்க விளிம்பு கடுக்கிறதா, எதுவுமே இல்லாமல் நேராக நடந்துபோய்ப் பல் துலக்க முடிகிறதா? ஓடுகிறவர்கள் செல்போனில் தூரத்தைப் பார்க்கிறார்கள். நேரத்தைப் பார்க்கிறார்கள். போன வாரத்தைவிட எத்தனை விநாடி குறைந்தது என்று பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். இந்த முதல் அடியை எழுதி வைப்பவர்கள் மிகக் குறைவு. எழுதி வைத்திருந்தால், இரண்டாம் மாதத்தில் நின்றுபோகிற ஓட்டங்களில் பல நின்றிருக்காது.

திருநின்றவூரில் இதைச் சொல்ல வேண்டிய அவசியம் அதிகம். சென்ட்ரல் – அரக்கோணம் பாதையில், ஆவடியையும் பட்டாபிராமையும் தாண்டி இருக்கிற ஊர். பெருமாள் கோயிலும் இருதயாலீஸ்வரர் கோயிலும் ஒருபக்கம், சி.டி.எச். ரோட்டில் விடியுமுன்பே ஓடத் தொடங்கும் லாரிகள் மறுபக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் ஆவடி தொழிற்சாலைகளுக்கும் ஷிப்டுக்குப் போகிறவர்கள், சென்ட்ரல் வரை லோக்கலில் நின்றுகொண்டே போகிறவர்கள் நிறைந்த ஊர். இங்கே ஓடுகிறவர்களைப் பெரும்பாலும் மூன்று வகையாகப் பார்க்கலாம். போலீஸ், ராணுவத் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கிற பையன்களும் பெண்களும். நாற்பதைத் தாண்டியதும் "சுகர் எல்லையில் இருக்கு, நடங்க" என்று டாக்டர் சொல்ல, நடையில் ஆரம்பித்து ஓட்டத்துக்கு வந்தவர்கள். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு நாட்களை எண்ணுகிறவர்கள். மூன்று தரப்புக்கும் வருகிற வலி ஏறக்குறைய ஒன்றுதான். அதை அவர்கள் மறைக்கிற விதம்தான் வேறு.

அதிகம் மறைக்கிறவர்கள் முதல் வகையினர்.

ஏழு நிமிடத்துக்குள்

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். 400 மீட்டர் மைதானத்தில் ஒரு சுற்றுக்கு 112 விநாடி. பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். ராணுவத்தின் அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால்தான் ஓட்டத்துக்கான முழு 60 மதிப்பெண். அதாவது ஒரு சுற்று 82 விநாடி சொச்சம். ஆவடியில் சிறப்புக் காவல் படையின் முகாம்களையும் சி.ஆர்.பி.எஃப். வளாகத்தையும் பார்த்து வளர்கிற இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, சீருடை எட்டாத கனவு கிடையாது. பக்கத்துத் தெரு அண்ணன் போட்டிருக்கிற சட்டை அது.

அறிவிப்பு வந்து, எழுத்துத் தேர்வு முடிந்து, உடல்தகுதித் தேர்வுக்குத் தேதி குறிக்கும்போது கையில் சில வாரங்கள்தான் இருக்கும். அதுவரை புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவர் திடீரென்று தினமும் காலையும் மாலையும் ஓடுகிறார். முதல் மூன்று வாரம் அற்புதமாகப் போகும். மூச்சு வாங்குவது குறையும், சுற்றுக்கு ஐந்து விநாடி, பத்து விநாடி என்று நேரம் இறங்கும். நாலாவது வாரத்தில் ஒருநாள் பயிற்சியாளரிடம், "மாஸ்டர், முன்கால் எலும்பு வலிக்குது" என்பார். "வார்ம் அப் பத்தலடா, ஓட ஓட சரியாயிடும்" என்று பதில் வரும். உண்மையிலேயே பத்து நிமிடம் ஓடியதும் வலி மறைந்துவிடும். அங்கேதான் ஆபத்து. மாஸ்டர் சொன்னது சரியென்று ஆகிவிடுகிறது. மறுநாள் காலை படியிறங்கும்போது வருகிற வலியை அவர் மாஸ்டரிடம் சொல்வதில்லை.

நாலாவது வாரத்தில் ஏன் வருகிறது? இதயமும் நுரையீரலும் சீக்கிரம் கற்றுக்கொள்கிற உறுப்புகள். இரண்டு மூன்று வாரத்தில் முன்னேற்றம் தெரியும். தசைக்குக் கொஞ்சம் கூடுதல் நாள். தசைநாணும் எலும்பும் மெதுவானவை. அதிலும் எலும்பு வலுப்பெறும் முறை விசித்திரமானது. புதிய சுமை வந்ததும் அது உடனே தடிமனாவதில்லை. முதலில் பழைய எலும்பைக் கரைத்து எடுக்கும் செல்கள் வேலையைத் தொடங்கும். அதன் பிறகே கட்டும் செல்கள் வந்து நிரப்பும். ஒரு சுற்று முடிய மூன்று நான்கு மாதம் ஆகும். ஆகவே, கரைப்பு முந்திக்கொண்டு கட்டுமானம் பின்தங்கியிருக்கிற அந்த இடைக்காலத்தில், எலும்பு சற்றுப் பலவீனமாகவே இருக்கிறது. மூச்சு "இன்னும் ஓடு" என்கிறது. எலும்பு "பொறு" என்கிறது. ராணுவப் பயிற்சி முகாம்களில் எலும்பில் நுண்விரிசல் வருவது உலகம் முழுக்க நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. நம் பையன்களின் உடம்பும் அதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான்.

ஒன்றை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். புதிதாக ஓடிய மறுநாளோ அதற்கு மறுநாளோ தொடையும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்வது வேறு. அது தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால் வருவது. 24 மணியிலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடும். 'லாக்டிக் ஆசிட் தேங்கிவிட்டது' என்று மைதானங்களில் சொல்வது சரியல்ல. அது ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து போய்விடுகிறது. இந்தப் பிடிப்பு இரண்டு காலிலும் ஒரே மாதிரி வரும், பரந்து வரும், நடமாடினால் தளரும். பயப்பட ஒன்றுமில்லை.

ஒரே காலில், ஒரே இடத்தில், விரல் நுனியை வைத்துக் காட்டக்கூடிய அளவுக்குக் குறுகிய வலி என்றால் கதை வேறு.

கோதன்பர்க் சொல்லித்தந்த எண்

வலி வந்தால் ஓட்டத்தை அடியோடு நிறுத்து என்பது ஒரு கட்சி. வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடு என்பது மறு கட்சி. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. ஸ்வீடனின் கோதன்பர்க் நகரத்தில் காரின் சில்பர்நாகல் என்ற இயன்முறை ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2007ல் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஆதாரம். குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலீஸ் தசைநாணில் வலியோடு வந்த 38 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். இரு குழுவுக்கும் ஒரே உடற்பயிற்சி. ஒரு குழு முதல் ஆறு வாரம் ஓடவோ குதிக்கவோ கூடாது. மற்றக் குழு வலியை அளந்துகொண்டே ஓடலாம். ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவும் நன்றாகத் தேறியிருந்தன. ஓடியவர்களுக்குக் கெடுதல் எதுவும் நேரவில்லை.

அவர்கள் அளந்த முறை எளிமையானது. வலியே இல்லையென்றால் 0. தாங்கவே முடியாத வலி என்றால் 10. ஓடும்போது 2 வரை இருந்தால் கவலையில்லை. 5 வரை போனாலும் அனுமதி உண்டு. ஆனால் இரண்டு நிபந்தனைகள். மறுநாள் காலைக்குள் வலி அடங்கிவிட வேண்டும். வாரத்துக்கு வாரம் வலியும் இறுக்கமும் ஏறக் கூடாது.

காலையின் முதல் அடிக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் அந்த முதல் நிபந்தனைதான். ஓடும்போது உடம்பு சூடாக இருக்கும், மனம் நேரத்தின் மேல் இருக்கும், கூட ஓடுகிறவர் பேசிக்கொண்டு வருவார். வலி குறைவாகத்தான் தெரியும். காலையில் அப்படி மறைக்க எதுவும் இல்லை. ஆகவே ஓடும்போது குறித்த எண்ணைவிட மறுநாள் காலை எண்ணையே நம்ப வேண்டும்.

இந்த 5 வரையான அனுமதி தசைநாண் வலிக்கு மட்டும்தான். எலும்புக்கு இது பொருந்தாது. முன்கால் எலும்பின் உள்விளிம்பில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பரவிக் கடுத்தால், ஓட்டத்தைக் குறைத்துப் பார்க்கலாம். ஒரு புள்ளியில் அழுத்தினால் துள்ளுகிற வலி, ஒற்றைக் காலில் குதித்தால் தெறிக்கிற வலி, ராத்திரியில் படுத்திருக்கும்போதும் விண்விண்ணென்று தெறிக்கிற வலி, இவை எது வந்தாலும் அன்றே ஓட்டம் நிற்க வேண்டும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் நிம்மதியடைய முடியாது. நுண்விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் தெரியும்.

பூசலாரின் ஊரில்

இந்த எண்களை எழுதாமல் மனக்கணக்காகவே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும்போது, திருநின்றவூரில் பூசலாரை நினைக்காமல் இருக்க முடியாது. கையில் பொருளில்லாத அந்த நாயனார் மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டினார். அடித்தளம் முதல் விமானம் வரை ஒவ்வொரு வேலையையும் முறைப்படி மனத்திலேயே முடித்து, குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தான் கட்டிய கற்றளிக்கு நாள் குறித்திருந்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, பூசலாரின் கோயிலுக்குப் போக வேண்டியிருப்பதால் நாளை மாற்றிக்கொள்ளச் சொன்னார் என்று பாடியிருக்கிறார் சேக்கிழார். அந்த மனக்கோயிலின் நினைவாக நிற்கிற இருதயாலீஸ்வரர் சன்னிதிக்கு இன்று இதய நோய் உள்ளவர்கள் வந்து வேண்டிக்கொள்கிறார்கள்.

ஒரு கல்லும் தப்பாமல் மனத்தில் வைத்திருக்கப் பூசலாரால் முடிந்தது. நமக்கு அந்த மனம் வாய்க்கவில்லை. வலியைப் பொறுத்தவரை நம் ஞாபகம் நிச்சயமாக ஏமாற்றும். இன்று வலி இல்லையென்றால் போன வாரமும் பெரிதாக இல்லை என்று தோன்றும். இன்று வலித்தால் பல மாதமாகவே வலிப்பதாகத் தோன்றும். டாக்டர் "எப்போதிலிருந்து?" என்று கேட்டதும் பெரும்பாலோர் விழிப்பது இதனால்தான். எழுதி வைக்கத்தான் வேண்டும்.

என்ன எழுதுவது? பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும். ஒரு நாள் பதிவு இப்படி இருக்கலாம்: 'செவ்வாய். ஏரிக்கரை. 5 கி.மீ., 35 நிமிடம். சிரமம் 4. இடது கெண்டைக்கால் 3, இழுப்பு. முந்தின நாள் நைட் ஷிப்ட், தூக்கம் 5 மணி.' அதற்குக் கீழே மறுநாள் காலை எழுந்ததும் ஒரே வரி: 'புதன் காலை 1.' அவ்வளவுதான். ஓட்டமும் வலியும் ஒரே பக்கத்தில் இருப்பது முக்கியம். தூரத்துக்குச் செல்போன் ஆப், வலிக்கு ஞாபகம் என்று பிரித்துவிட்டால் இரண்டும் ஒருநாளும் சந்திக்காது.

'சிரமம்' என்ற எண்ணுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இதுவும் ஸ்வீடனிலிருந்து வந்ததே. எவ்வளவு சிரமப்படுகிறோம் என்று உழைக்கிறவரே சொல்லும் எண்ணை, அளவீடாக எடுத்துக்கொள்ளலாம் என்று 1960களில் காட்டினார் குன்னர் போர்க். பிறகு அமெரிக்காவின் கார்ல் ஃபாஸ்டர் அதை இன்னும் எளிதாக்கினார். பத்துக்கு இத்தனை சிரமம் என்ற எண்ணை ஓடிய நிமிடங்களால் பெருக்கு என்றார். மேலே சொன்ன செவ்வாய்க்கிழமைக்கு 35 பெருக்கல் 4, ஆக 140. வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் உடம்பு சுமந்த மொத்தச் சுமை கிடைக்கும். ஜி.பி.எஸ். கடிகாரம் தேவையில்லை. எளிதான ஐந்து கிலோமீட்டரும் தூக்கமில்லாத ராத்திரிக்குப் பிறகு ஓடிய ஐந்து கிலோமீட்டரும் ஒன்றல்ல என்பதை இந்த எண் காட்டும். ஆப்பில் இரண்டும் 5.00 என்றே இருக்கும். அம்பத்தூரில் ராத்திரி ஷிப்ட் முடித்து, நின்றபடி ரயிலில் வந்து, அப்படியே ஏரிக்கரைக்குப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் மிக முக்கியம்.

ஓடும் இடத்தையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மழைநீர் வடிவதற்காகத் தார்ச்சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். வண்டிகளுக்குப் பயந்து எப்போதும் ஒரே ஓரமாக ஓடினால் ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் விழும். ஒரு பக்க இடுப்பும் முழங்காலின் வெளிப்பக்கமும் மட்டும் வலிக்கிறவர்கள் முதலில் சாலையைச் சந்தேகிக்கலாம். மைதானத்தில் எப்போதும் இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பிச் சுற்றுவதும் அப்படித்தான். இடையிடையே திசையை மாற்றலாம். ஆவடி பருத்திப்பட்டு ஏரியைச் சீரமைத்து 2019ல் திறந்தபோது கரையில் நடைபாதை கிடைத்தது இந்த வட்டாரத்துக்கு நல்ல வரவு. வண்டி பயமில்லாத சமதளம் கிடைப்பது ஓடுகிறவர்களுக்குப் பெரிய விஷயம். பெண்களுக்கு இன்னும் பெரிய விஷயம். திருநின்றவூரில் வடகிழக்குப் பருவமழை வலுத்தால் ஏரியைச் சுற்றியுள்ள பெரியார் நகர் போன்ற பகுதிகளே தண்ணீரில் நிற்கின்றன. அந்த வாரங்களில் ஓடும் இடம் மாறும், தரை மாறும், வலியும் மாறும். நோட்டில் இடம் இருந்தால்தான் அது பிடிபடும்.

ஒரே ஒரு நீண்ட ஓட்டம்

வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்ற பழைய விதியை எல்லாரும் கேட்டிருப்பார்கள். நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரத்தில் 532 புதிய ஓட்டக்காரர்களை வைத்து இதைச் சோதித்து, முடிவை 2008ல் வெளியிட்டார்கள். 10 சதவீத விதிப்படி 13 வாரம் மெதுவாக ஏறியவர்களுக்கும் 8 வாரத்தில் வேகமாக ஏறியவர்களுக்கும் காயம் ஏறக்குறைய ஒரே அளவுதான். இருபக்கமும் ஐந்தில் ஒருவர். விதி பொய்யா என்றால், அது அளந்த இடம் தவறு என்று இப்போது தெரிகிறது. டென்மார்க் ஆய்வாளர்கள் 5,000க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் கடிகாரப் பதிவுகளை வைத்து 2025ல் வெளியிட்ட ஆய்வில், வாரக் கூட்டுத்தொகை ஏறியதற்கும் காயத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. தொடர்பு தெரிந்தது ஒற்றை ஓட்டத்தில். முந்தைய 30 நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட 10 முதல் 30 சதவீதம் வரை ஒரே நாளில் கூட்டியவர்களுக்குக் காயமடையும் வீதம் 64 சதவீதம் அதிகமாக இருந்தது. இரட்டிப்புக்கு மேல் போனவர்களுக்கு 128 சதவீதம்.

நம் ஞாயிற்றுக்கிழமைகளை இது அப்படியே படம்பிடிக்கிறது. வாரம் முழுக்க நாலு, ஐந்து என்று ஓடுகிறவர் ஞாயிறன்று நண்பர்களோடு வெளிவட்டச் சாலைப் பக்கம் போய்ப் பன்னிரண்டு ஓடிவிட்டு வருகிறார். வாரக் கணக்கில் பெரிய ஏற்றமில்லை, அந்த ஒரு நாளில்தான் எல்லாம். நோட்டின் முதல் பக்கத்தில் 'கடந்த 30 நாளில் நீண்டது' என்று ஓர் எண்ணை எழுதி, மாற மாறத் திருத்திக்கொண்டே வரச் சொல்வேன். அந்த எண் 6 என்றால் இந்த ஞாயிறு ஆறரை. நண்பர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முன்னேற்றத்தை அளப்பதிலும் நம் ஊர் வெயிலைக் கணக்கில் எடுக்க வேண்டும். மே மாதக் காலை ஐந்தரை மணிக்கே காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், வியர்வை உலராது, தோலைக் குளிர்விக்க ரத்தம் போவதால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். மார்கழியில் 32 நிமிடத்தில் முடித்ததை மே மாதத்தில் 36 நிமிடத்தில் முடிப்பது பின்னடைவு கிடையாது. அந்த நாலு நிமிடத்தைத் துரத்திப் பிடிக்கப் போய்த்தான் கோடையில் பலருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. மே மாதத்தைப் போன வருட மே மாதத்தோடு ஒப்பிடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை அதே பாதையில், அதே ஷூவில், அதே நேரத்தில் ஓடிப் பாருங்கள். மற்ற நாட்களில் வேகத்தைப் பார்க்கவே வேண்டாம்.

நோட்டு எழுதிய பெரியவர்கள்

கென்யாவின் எலியுட் கிப்சோகே 2019ல் வியன்னாவில் மாரத்தான் தூரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஓடிக் காட்டியவர். தன் பயிற்சிகளை 2003லிருந்து கையாலேயே நோட்டில் எழுதி வருகிறார். இங்கிலாந்தின் ரான் ஹில்லுக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. 1970ல் பாஸ்டன் மாரத்தானை வென்றவர். 1964 டிசம்பரிலிருந்து 2017 ஜனவரி வரை 52 ஆண்டுகள், ஒருநாள் விடாமல் குறைந்தது ஒரு மைல் ஓடியதாகப் பதிவு வைத்திருந்தார். கார் விபத்தில் மார்பெலும்பு முறிந்தபோதும் விடவில்லை. கடைசியில் ஓடும்போது நெஞ்சு வலித்த பிறகுதான் அந்தத் தொடரை நிறுத்தினார். எழுதி வைத்த ஒழுங்குக்காக அவரை வணங்கலாம். ஒருநாள்கூட நிற்கக் கூடாது என்ற வைராக்கியத்தைப் பின்பற்ற வேண்டாம். தொடர் அறுந்துவிடுமே என்று ஆப் காட்டுகிற எண்ணுக்காக, காலை வலி 4 இருக்கும்போது ஷூவை மாட்டுகிறவர்கள் இன்று நம்மிடையே நிறையவே இருக்கிறார்கள். ஓய்வெடுத்த நாளையும் ஒரு பதிவாக எழுதுங்கள். 'ஓய்வு. காலை 3, மாலை 1' என்பதும் முன்னேற்றம்தான்.

நம் மாநிலத்தில் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் மா. சுப்பிரமணியன். சென்னை மேயராக இருந்தவர், 2021ல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரானவர். 2004ல் நடந்த சாலை விபத்தில் காலில் மோசமாக அடிபட்டது. பழையபடி இயங்குவது கடினம் என்று மருத்துவர்கள் சொன்ன நிலையிலிருந்து மெல்ல மீண்டு, ஐம்பதைத் தாண்டிய வயதில் ஓட்டத்துக்கு வந்தார். 21.1 கி.மீ. தூரமுள்ள அரை மாரத்தானை நூறு முறைக்கு மேல் ஓடியிருக்கிறார். அவருக்கு நீண்டகாலமாகச் சர்க்கரை நோயும் உண்டு. 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை என்று 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் வந்ததற்குப் பின்னால் அந்த அனுபவம் இருந்திருக்கும். அரசியல் கருத்து எதுவாக இருந்தாலும், அடிபட்ட காலோடு ஒருவர் எவ்வளவு தூரம் வர முடியும் என்பதை அவர் கண்முன் காட்டியிருக்கிறார்.

சர்க்கரை நோயோடு ஓடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நீண்டகாலச் சர்க்கரை பாதத்தின் நரம்புகளைப் பாதித்திருந்தால், வலி தெரிய வேண்டிய இடத்தில் தெரியாமல் போகும். அவர்களுடைய நோட்டில் 0 என்று இருப்பதை அப்படியே நம்ப முடியாது. ஓடி முடித்ததும் சாக்ஸைக் கழற்றி, பாதத்தையும் விரலிடுக்கையும் கண்ணால் பார்த்து, கொப்புளமோ சிவப்போ இருந்தால் எழுத வேண்டும். குனிந்து பார்க்க முடியாதவர்கள் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லலாம்.

பெண்களின் நோட்டில் மாதவிலக்குத் தேதியும் அதே பக்கத்தில் இருக்கட்டும். ஓட்டத்தைக் கூட்டிச் சாப்பாட்டைக் கூட்டாமல் விட்டால், உடம்பு முதலில் நிறுத்துவது மாதவிலக்கைத்தான். அதோடு எலும்பும் வலுவிழக்கும். காவலர் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கும் பெண்ணுக்கு இரண்டு மாதம் விலக்கு தள்ளிப்போய், முன்கால் எலும்பும் வலிக்கிறதென்றால் இரண்டும் ஒரே காரணத்தால் இருக்கலாம். எலும்பு டாக்டரிடம் போகும்போது இதையும் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். அம்மாவும் கூடப் போவது நல்லது.

மாத்திரை போட்டுவிட்டு ஓடுவது

தேர்வு நாளன்றும் மாரத்தான் நாளன்றும் மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடுகிற பழக்கம் பரவியிருக்கிறது. இதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். டைக்லோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. வெயிலில் நீர்ச்சத்து இழந்து ஓடும்போது சிறுநீரகத்துக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவாகத்தான் போகும். இரண்டும் சேர்ந்தால் வலிக்குப் போட்ட மாத்திரை வேறு இடத்தில் வினையாகும். அதைவிட, நோட்டில் எழுத வேண்டிய எண்ணையே மாத்திரை அழித்துவிடுகிறது. ஸ்ப்ரேயும் தைலமும் சிறுநீரகத்தை அந்த அளவுக்குப் படுத்தாதவை என்றாலும், ஓடுவதற்கு முன் தடவிக்கொண்டால் அன்றைய எண் பொய்யாகிவிடும். ஓடி முடித்து, எண்ணைக் குறித்துவிட்டுத் தடவிக்கொள்ளுங்கள்.

ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் எண் போட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே நின்று, உட்கார்ந்து, 108க்குப் போன் செய்ய வேண்டும்.

மற்ற வலிகளுக்கு அவகாசம் உண்டு. முன்கால் எலும்புப் பக்கம் பரவலாகக் கடுத்து, ஓட்டத்தை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் ஓய்வெடுத்தவர் திரும்ப வருவதாக வைத்துக்கொள்வோம். நடக்கும்போதும் படியேறும்போதும் காலை எண் தொடர்ந்து 0 இருக்க வேண்டும். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று இருபது நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். காலை எண் ஏறாவிட்டால் அடுத்த வாரம் இரண்டு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை. ஏறினால் முந்தைய வாரத்துக்கே திரும்ப வேண்டும். இந்த நாட்களில் மூச்சுக்கு வேலை வேண்டுமென்றால் சைக்கிள் மிதிக்கலாம். பழைய நேரத்தை எட்டிப் பிடிக்கும் எண்ணம் குறைந்தது ஆறு வாரத்துக்கு வேண்டாம். இரண்டு முறை பின்வாங்கியும் காலை எண் இறங்கவில்லையென்றால் எலும்பு மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ பார்க்கப் போங்கள். போகும்போது அந்த நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது தொடங்கியது, எந்த ஓட்டத்துக்குப் பிறகு ஏறியது, எத்தனை நாளில் இறங்கியது என்று அவர் கேட்கப்போகிற கேள்விகள் எல்லாவற்றுக்கும் அதில் தேதியோடு பதில் இருக்கும்.